மாஸ்க்கில் காற்று கசிந்தால்: பட்டையை இறுக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

எங்கள் வீட்டில் அப்பாவும் நானும், பக்கத்து புளோக்கில் சித்தப்பாவும் சிபேப் மெஷின் போட்டுத்தான் தூங்குகிறோம், அதாவது தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாக அழுத்தமாகக் காற்று ஊதும் மெஷின். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட்டிலும் கோயில் பழக்கத்திலும் இன்னும் பலர் போடுகிறார்கள், அதனால் "தம்பி, காத்து லீக் ஆவுது, கொஞ்சம் வந்து பாரேன்" என்று போன் வந்துகொண்டே இருக்கும். போய்ப் பார்த்தால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். கசிகிறது என்றதும் பட்டையை இறுக்குவார்கள், மறுநாளும் கசியும், இன்னும் இறுக்குவார்கள், கடைசியில் மூக்குத்தண்டில் புண் வந்து மெஷினே அலமாரிக்குள் போய்விடும். அப்படி அலமாரியில் கிடக்கும் மெஷினைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை, ஏனென்றால் பெரும்பாலும் காசு செலவில்லாமல் சரிசெய்துவிடக்கூடிய கோளாறுதான் அது.

அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன், உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லாரும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். மெஷினின் அழுத்த அளவை மாற்றுவது பற்றி இதில் எதுவும் இல்லை. அது டாக்டர் எழுதிக்கொடுப்பது, நாமாக மெனுவுக்குள் போய்த் தொடுகிற விஷயம் இல்லை.

## எல்லாருக்கும்: இது கசிவுதானா, எங்கே கசிகிறது?

மாஸ்க்கின் முன்பக்கத்திலோ குழாய் வந்து சேரும் வளைவுத் துண்டிலோ வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அதிலிருந்து காற்று வந்தால் அது கசிவு இல்லை, நாம் விடும் மூச்சு வெளியே போவதற்காகவே வைத்த வழி. அதை அடைக்கவே கூடாது. ஒரு வீட்டில் சத்தம் கேட்கிறது என்று அந்த ஓட்டைகள் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அப்படிச் செய்தால் விட்ட மூச்சையே திரும்ப உள்ளே இழுக்க வேண்டியதாகிவிடும், ஆபத்து. பக்கத்தில் படுப்பவர் முகத்தில் அந்தக் காற்று அடித்தால் தலையணையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, மாஸ்க்கை எப்படி மாட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் கட்டிலில் உட்கார்ந்தபடி மாட்டி, உட்கார்ந்தபடியே பட்டையைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் படுக்கிறார்கள். படுத்ததும் கன்னச் சதை பக்கவாட்டில் சரியும், தாடை கொஞ்சம் பின்னால் போகும், முகத்தின் வடிவமே வேறாகிவிடும். அதனால் இப்படிச் செய்யுங்கள்: எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு, நீங்கள் வழக்கமாகத் தூங்குகிற தலையணையில், வழக்கமாகத் தூங்குகிற பக்கமாகப் படுத்து, மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை முன்னால் இழுத்து, குஷன் (முகத்தில் படும் மெத்தென்ற சிலிக்கான் பகுதி) காற்றால் உப்பியதும் மெதுவாகத் திரும்ப முகத்தில் உட்காரவிடுங்கள். பிறகு கீழ்ப்பட்டை இரண்டையும் ஒரே அளவாக, அதன்பின் மேல்பட்டை இரண்டையும் ஒரே அளவாக, காற்று நிற்கும் வரைக்கும் மட்டும் இழுங்கள். நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் சிரமமில்லாமல் போக வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நிறைய மெஷின்கள் தொடக்கத்தில் 4 என்ற குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து, நாம் தூங்கிய பிறகுதான் 10, 12 என்று மேலே ஏறும். 4-ல் ஒட்டி நிற்கும் மாஸ்க் 12-ல் தூக்கிக்கொள்ளும். ரெஸ்மெட் நிறுவனத்தின் மெஷினில் 'மாஸ்க் ஃபிட்' என்று ஒரு வசதி இருக்கிறது, அது கொஞ்ச நேரம் கூடுதல் அழுத்தத்தில் ஊதி, பச்சைச் சிரிப்பு முகமோ சிவப்பு முகமோ காட்டும். படுத்துக்கொண்டு அதைப் போட்டுப் பார்த்தால் நள்ளிரவில் என்ன நடக்கப்போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கக் கையை நன்றாகத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு குஷன் விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். ஈரக்கையில் மெல்லிய கசிவும் சில்லென்று தெரியும். வலது கன்னமா, இடது கன்னமா, கண்ணோரமா, உதட்டுக்குக் கீழா என்று தெரிந்த பிறகு கீழே அந்தந்தத் தலைப்புக்கு வாருங்கள்.

எண்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ரெஸ்மெட் மெஷின் காட்டுவது தேவையில்லாத கசிவை மட்டும். நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். சில பிலிப்ஸ் மெஷின்கள் ஓட்டை வழியாக வேண்டுமென்றே வெளியேறும் காற்றையும் சேர்த்து மொத்தமாகக் காட்டும், அதில் 30, 40 என்று இருந்தாலும் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். அதனால் உங்கள் எண்ணைப் பக்கத்து வீட்டு மெஷினின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

## அறிகுறி: கண்ணில் காற்று அடிக்கிறது, காலையில் கண் சிவந்து எரிகிறது

முதலில் பார்க்க வேண்டியது கீழ்ப்பட்டை. கேட்க ஆச்சரியமாக இருக்கும், ஆனால் கீழ்ப்பட்டையை அளவுக்கு மேல் இறுக்கினால் மாஸ்க்கின் மேல்பகுதி மூக்குத்தண்டிலிருந்து தூக்கிக்கொள்ளும், கண்ணோரம் வழி திறக்கும். மேலே இறுக்குவதற்கு முன் கீழே ஒரு சுற்றுத் தளர்த்திப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே நின்றுவிடும். நெற்றியில் முட்டுக்கொடுக்கும் வகை மாஸ்க் என்றால் அந்த நெற்றித் துண்டு எந்தக் குழியில் நிற்கிறது என்று பாருங்கள், ஒரு படி மாறியிருந்தாலே போதும்.

நெற்றி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் கோயிலுக்குப் போய்வந்து அப்படியே படுத்தால் நெற்றியிலிருக்கும் திருநீறும் சந்தனமும் அந்தத் துண்டுக்கும் தோலுக்கும் நடுவே மாவுபோல இருந்து வழுக்கிவிடும். படுக்கும் முன் முகத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள். பக்திக்கு ஒன்றும் குறையாது, காலையில் குளித்துவிட்டு மறுபடியும் இட்டுக்கொள்ளலாம்.

இதற்கும் நிற்கவில்லை என்றால் குஷன் பெரிதாக இருக்கலாம். பெரிய சைஸ்தான் வசதி என்று பலர் எடுத்துவிடுகிறார்கள், மேல்விளிம்பு மூக்குத்தண்டில் ஏறி இரண்டு பக்கமும் சந்து விட்டுவிடும். மாஸ்க் விற்ற கடையிலேயே முகத்தை அளந்து பார்க்கும் அட்டை இருக்கும், கேட்டு அளந்துகொள்ளுங்கள். குஷனை மட்டும் மாற்றினால் போதும், மாஸ்க் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை.

இதெல்லாம் செய்தும் கண் சிவப்பு சில நாளில் குறையவில்லை, அல்லது கண் வலி, பார்வை மங்கல் என்று இருந்தால் கண் டாக்டரிடம் போய்விடுங்கள். இரவு முழுவதும் காற்று அடித்தால் கண்ணின் மேற்பரப்பு காய்ந்து போகும், அதை இழுத்தடிக்க வேண்டாம்.

## அறிகுறி: நேராகப் படுத்தால் சரி, ஒருக்களித்துப் படுத்தால் 'புர்ர்' என்று சத்தம்

எனக்கு வருகிற போன்களில் அதிகம் இதுதான். ஒருக்களித்துப் படுப்பது நல்ல பழக்கம், மல்லாந்து படுக்கும்போதுதான் நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால் விழுந்து பலருக்கு மூச்சுத்தடை கூடுகிறது. கசிகிறது என்பதற்காக அந்தப் பழக்கத்தை விடச் சொல்ல மாட்டேன், கசிவைத்தான் சரிசெய்ய வேண்டும்.

தலையணையில் தொடங்குங்கள். நம் வீடுகளில் இலவம்பஞ்சுத் தலையணையைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்போம், அது கல்லுபோல இறுகியிருக்கும். அதில் ஒருக்களித்தால் தலையணை நேராக மாஸ்க்கின் பக்கத்தை முட்டித் தள்ளும், எதிர்ப்பக்கம் திறந்துகொள்ளும். அதாவது வலப்பக்கம் படுத்தால் பெரும்பாலும் இடது கன்னத்தோரம்தான் காற்று வரும், வலதுபக்கப் பட்டையை இழுத்துப் பிரயோஜனமே இல்லை. செய்ய வேண்டியது, முகத்தைத் தலையணையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, காதும் கன்ன எலும்பும் தலையணையில், மாஸ்க் மட்டும் விளிம்புக்கு வெளியே காற்றில் நிற்கும்படி படுப்பது. பழக இரண்டு மூன்று இரவு ஆகும். மாஸ்க்குக்கு இடம் விட்டு இரண்டு பக்கமும் வெட்டி எடுத்த மாதிரி சிபேப் தலையணை விற்கிறார்கள், நல்லதுதான், ஆனால் முதலிலேயே வாங்க வேண்டாம். பழைய துண்டு ஒன்றை மடித்துக் காதுக்கும் பின்தலைக்கும் கீழே மட்டும் வைத்து, கன்னம் இருக்கும் இடத்தைப் பள்ளமாக விட்டுப் பாருங்கள். அதில் நின்றுவிட்டால் அந்த வகைத் தலையணை உங்களுக்குப் பயன்படும் என்று தெரிந்துவிடும், அப்புறம் காசு போடலாம்.

அடுத்தது குழாய். மெஷின் ஒரு பக்கம் மேசையில், நீங்கள் மறுபக்கம் திரும்புகிறீர்கள், குழாய் உடம்புக்குக் கீழே மாட்டி மாஸ்க்கை ஒரு பக்கமாக இழுக்கிறது. குழாயைத் தலைக்கு மேலே கொண்டுபோய் அங்கிருந்து இறங்கும்படி செய்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் இழுக்காது. அதற்கென்று ஸ்டாண்டு விற்கிறார்கள். எங்கள் வீட்டில் கட்டில் தலைமாட்டு ஜன்னல் கிரில்லில் ஒரு பழைய துணிப்பட்டையைத் தளர்வாகச் சுற்றி, அதன் வளையத்துக்குள் குழாயை விட்டிருக்கிறோம். குழாய் வளையத்துக்குள் தாராளமாக ஓட வேண்டும், கட்டிப்போட்டுவிடக் கூடாது. மாஸ்க் பக்கம் புரண்டு படுக்க ஒரு கை நீளம் தாராளம் விடுங்கள்.

மூன்றாவது, இரவில் நாம் அறியாமல் குப்புறச் சாய்ந்துவிடுவது. ஒருக்களித்துத் தூங்கத் தொடங்கியவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் உருண்டு முகத்தைத் தலையணையில் புதைத்துவிடுவார். இதற்கு போல்ஸ்டரைப்போல, அதாவது கட்டிப்பிடித்துப் படுக்கும் நீளத் தலையணையைப்போல, நல்ல மருந்து இல்லை. முன்பக்கம் போல்ஸ்டரைக் கட்டிப்பிடித்து, மேல்காலை அதன்மேல் போட்டுக்கொண்டால் உடம்பு அங்கேயே நிற்கும். மல்லாந்துவிடுவதுதான் பிரச்சினை என்றால் இன்னொரு போல்ஸ்டரை முதுகுக்குப் பின்னாலும் வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பக்கம் பை தைத்த டி-ஷர்ட்டில் டென்னிஸ் பந்து வைத்துப் படுக்கும் பழைய முறையும் இருக்கிறது, வேலை செய்யும், ஆனால் முதுகுவலி உள்ள வயதானவர்களுக்கு நான் சொல்வதில்லை. தோள்பட்டை வலி இருந்தாலும் ஒரே பக்கமாகப் படுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

இவ்வளவும் செய்து இன்னும் ஒருக்களித்தால் கசிகிறது என்றால் மாஸ்க் வகையை மாற்ற வேண்டிய நேரம். முகத்தின் முன்னால் பெரிதாக நிற்கும் மாஸ்க்கை விட, மூக்குக்குக் கீழே மட்டும் உட்கார்ந்து குழாய் உச்சந்தலையில் சேரும் வகை பக்கம் திரும்பிப் படுப்பவர்களுக்கு வசதி. அதில் பக்கவாட்டில் கன்னத்தோடு ஓடும் குழல்வழியே காற்று வரும், ஒரு பக்கம் தலையணையில் அமுங்கினாலும் மறுபக்கம் வரும். சில நூறு ரிங்கிட் செலவு, அதனால் போட்டுப் பார்த்து வாங்கவிடும் கடையாகத் தேடுங்கள். படுத்துப் பார்க்க விடாமல் நாற்காலியில் உட்காரவைத்து மாட்டிக் காட்டும் கடையில் வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பட்டையை மாட்டக் காந்தக் கொக்கி வைத்த மாஸ்க்குகள் இருக்கின்றன. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், மூளையில் இரத்தக்குழாய் கிளிப் போன்ற உலோகம் வைத்தவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று பிலிப்ஸ் 2022-லும் ரெஸ்மெட் 2023-லும் அறிவித்திருக்கிறார்கள். காந்தத்துக்கும் அந்தக் கருவிக்கும் குறைந்தது 15 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. மாஸ்க் போடுபவருக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் படுக்கும் மனைவிக்கோ கணவருக்கோ பேஸ்மேக்கர் இருந்தாலும் இது பொருந்தும். கடையில் கேட்க மறக்காதீர்கள்.

## அறிகுறி: காலையில் வாயும் தொண்டையும் வறண்டு, நாக்கு ஒட்டிக்கொள்கிறது

மூக்கு மாஸ்க் போடுபவர்களுக்கு இப்படி இருந்தால் மாஸ்க் நன்றாகவே ஒட்டியிருக்கலாம், காற்று வாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள், உதடு 'பொஃப் பொஃப்' என்று அடிப்பது அவருக்குத்தான் கேட்கும்.

மூக்கு அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மூக்கு அடைத்தால் வாய் தானாகத் திறக்கும். படுக்கும் முன் உப்புநீரால் மூக்கைக் கழுவலாம், ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்தான் வேண்டும். பார்மசியில் கிடைக்கும் மூக்கடைப்பு ஸ்பிரேயை மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து அடித்தால் அடைப்பு இன்னும் மோசமாகத் திரும்பும். தும்மலும் அடைப்பும் மாதக்கணக்கில் இருந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம், அதற்குத் தனியாக மருந்து உண்டு, கிளினிக்கில் கேளுங்கள்.

அடுத்து ஹியூமிடிஃபையர், அதாவது தண்ணீர்த் தொட்டி. ஏர்கோன் அறையில் காற்று வறண்டிருக்கும், ஈரப்பத அளவை ஒரு படி ஏற்றிப் பாருங்கள், இதை நாமே மாற்றலாம். அப்புறம் தலையணை உயரம். இரண்டு தலையணை அடுக்கி மல்லாந்து படுத்தால் முகவாய் மார்பைத் தொடும்படி வளைந்துவிடும், தொண்டையும் நெருங்கும், மெஷின் அழுத்தத்தைக் கூட்டும், கசிவும் கூடும். உயரம் வேண்டுமென்றால் தலையை மட்டும் தூக்காமல், தோளிலிருந்தே சரிவாகத் தூக்கும் முக்கோணத் தலையணையை வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் அது நல்லது.

இதற்குப் பிறகு, வாய் திறக்காமல் தாடையைத் தாங்கும் தாடைப்பட்டை. சிலருக்கு உதவும், சிலருக்கு உதட்டோரம் காற்று போய்க்கொண்டே இருக்கும். அப்படிப் போனால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் முழு முக மாஸ்க்குக்கு மாறுவதுதான் வழி. வாயில் டேப் ஒட்டிக்கொள்வது பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூக்கு அடைத்திருக்கும்போதோ, வாந்தி வந்தாலோ அது உயிருக்கே ஆபத்து, டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

## அறிகுறி: படுக்கும்போது சரி, இரவு இரண்டு மூன்று மணிக்கு மேல் கசிகிறது

எண்ணெய். நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் என் அனுபவத்தில் முதல் சந்தேகம் அதுதான். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் படுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்த எண்ணெய் பட்டையில் இறங்கும், வியர்வையோடு கன்னத்துக்கு வரும், முகத்தில் தானாகச் சுரக்கும் எண்ணெயும் சேரும், நள்ளிரவுக்குள் சிலிக்கான் குஷன் வழுக்க ஆரம்பித்துவிடும். ஒரு அக்காவின் மாஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடிபோல இருக்க வேண்டிய குஷன் மஞ்சளாக மங்கிப்போய், விளிம்பு அலையலையாக நெளிந்து, விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. அவர் எண்ணெயைக் காலைக் குளியலுக்கு முன் என்று மாற்றினார், குஷனை மாற்றினார், பட்டையைத் தொடவே இல்லை, கசிவு நின்றது. முகத்துக்கு இரவில் போடும் கிரீமும் அப்படித்தான், மாஸ்க் படும் இடத்தை மட்டுமாவது விட்டுவிட்டுத் தடவுங்கள்.

குஷனை தினமும் காலையில் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். கிருமிநாசினித் திரவம், ஸ்பிரிட், குளோராக்ஸ் போன்ற பிளீச் எதுவும் வேண்டாம். நன்றாக வைத்திருந்தாலும் குஷன் சில மாதங்களில் தொய்ந்துவிடும் பொருள்தான். புதிதாக வாங்கும்போது பழையதைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் அமுக்கிப் பாருங்கள், வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

பின்னிரவில் கனவுத் தூக்கம் அதிகம், அந்த நேரத்தில் தசைகள் தளரும், மல்லாந்தும் படுத்திருந்தால் தானியங்கி மெஷின் அழுத்தத்தை உயர்த்தும், அதற்கு மாஸ்க் தாங்காது. அதனால் எண்ணெய் காரணம் இல்லை என்று உறுதியானால் ஒருக்களிக்கும் பகுதிக்குப் போய் போல்ஸ்டர் முறையைச் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் தினமும் அதே நேரத்தில் கசிந்தால் அழுத்த வரம்பை டாக்டர் பார்க்க வேண்டும்.

பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களுக்கு இதே கசிவு வெயிலின் வியர்வையால் வரும். கன்னத்தில் போடும் துணி உறை கிடைக்கிறது, வியர்வையை உறிஞ்சும். விசிறியை முகத்துக்கு நேராக வைக்காமல் காலிலிருந்து வரும்படி வையுங்கள்.

## அறிகுறி: நேற்று வரை சரி, திடீரென்று ஒரே நாளில் ஆரம்பித்தது

என்ன மாறியது என்று யோசியுங்கள், மாஸ்க் தானாக ஒரே இரவில் கெட்டுப்போகாது.

கழுவிவிட்டுத் திரும்ப மாட்டும்போது குஷன் சட்டத்தில் ஒரு பக்கம் 'டக்' என்று உட்காராமல் இருக்கும். கழற்றி மறுபடி மாட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடி ரப்பர் விளிம்பு மடங்கியிருக்கலாம், அப்போது மெஷின் பக்கத்திலிருந்தே சீறும் சத்தம் வரும். குழாயில் கீறல் இருக்கலாம், பெரும்பாலும் இரண்டு முனையிலும் வளையும் இடத்தில்தான். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு மெஷினை ஓடவிட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இன்னொருவரை ஈரக்கையால் குழாய் முழுவதும் தடவச் சொல்லுங்கள். கீறல் இருந்தால் தெரிந்துவிடும். டேப் சுற்றி இரண்டு நாள் சமாளிக்கலாம், அதற்குள் புதுக்குழாய் வாங்கிவிடுங்கள்.

முகத்தில் என்ன மாறியது என்பதும் முக்கியம். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து தாடி வளர்த்தால் முழு முக மாஸ்க்கின் கீழ்விளிம்பு தாடி மயிரின் மேல்தான் உட்காரும், இடுக்கு வழியாகக் காற்று போகும். அந்த நாட்களுக்கு மட்டும் மூக்குத் துளையில் நேராக உட்காரும் பில்லோஸ் வகையைக் கடையில் கேட்டுப் பார்க்கலாம். தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி இறக்கிவிட்டு வந்த அன்று இரவு பட்டை முழுவதுமே தளர்ந்து, பின்தலையில் வழுக்கி மேலே ஏறிவிடும், முடியின் கனம் போய்விட்டது அல்லவா. தலையில் பூசிய சந்தனத்தைக் கழுவிவிட்டு, மெல்லிய பருத்திக் குல்லா போட்டு, அதன்மேல் பட்டையை மாட்டி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இழுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முடி முளைத்ததும் பழைய அளவுக்கு வந்துவிடலாம். பெண்கள் கொண்டையோடு படுத்தால் பட்டை கொண்டையில் ஏறி நிற்கும், தளர்வாகப் பின்னி ஒரு பக்கமாகப் போட்டுக்கொள்வது நல்லது.

வயதானவர்கள் பல்செட்டைக் கழற்றிவிட்டுப் படுக்கும்போது கன்னமும் உதடும் உள்ளே போய்விடும். மாஸ்க்கை மாட்டி அளவு பார்ப்பதும் பல்செட் இல்லாமல்தான் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு இந்த ஒரு காரியத்தைச் செய்ததும் முகவாய்ப் பக்கக் கசிவு போய்விட்டது. உடம்பு இளைத்தாலும் பருத்தாலும் இதே மாதிரி சைஸ் மாறும். நன்றாக இளைத்தவர்கள் அழுத்த அளவையும் மறுபடி பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

## அறிகுறி: மூக்குத்தண்டில் சிவப்பு, தழும்பு, புண்

இறுக்கம்தான். காலையில் மாஸ்க்கைக் கழற்றி அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் அன்று இரவே பட்டைகளைத் தளர்த்தி முதல் பகுதியிலிருந்து தொடங்குங்கள். மூக்குத்தண்டைத் தொடாத வகை மாஸ்க்குக்கு மாறுவது நிரந்தரத் தீர்வு. தோல் உரிந்துவிட்டால், நீர் வடிந்தால், முக்கியமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

## அறிகுறி: குழாயில் தண்ணீர், 'கடகட' சத்தம், முகத்தில் சொட்டுகிறது

ஏர்கோனை 18-ல் வைத்துத் தூங்கினால் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் தண்ணீராகிவிடும், குஷன் நனைந்து வழுக்கும். ஏர்கோனை 24, 25-க்கு ஏற்றுங்கள், ஈரப்பத அளவை ஒரு படி இறக்குங்கள், குழாய்க்குத் துணி உறை போடுங்கள், மெஷினைக் கட்டிலை விடத் தாழ்வாக வையுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் சூடேறும் குழாய் வாங்கலாம், உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். தொட்டியில் காய்ச்சி வடித்த நீர்தான் நல்லது, மிச்சத்தை தினமும் காலையில் கொட்டிவிடுங்கள்.

புகைமூட்டம் வரும் மாதங்களில் மெஷினின் ஃபில்டர் சீக்கிரமே சாம்பல் நிறமாகும். அப்போது அடிக்கடி எடுத்துப் பார்த்து மாற்றுங்கள்.

குழாயிலோ மாஸ்க்கிலோ கறுப்புத் துகள்கள் தெரிந்தால் மெஷினில் ஏதோ கோளாறு. சில பிலிப்ஸ் மாடல்களில் உள்ளே இருக்கும் சத்தம் குறைக்கும் நுரைப்பஞ்சு சிதைவதால் 2021 ஜூனில் அந்த நிறுவனமே திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பழைய மெஷினை யாரிடமாவது வாங்கியிருந்தால் அடியில் இருக்கும் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் விற்பனையாளரிடம் கொடுத்துச் சரிபாருங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

## அறிகுறி: கசிவே இல்லை, ஆனாலும் பகலில் தூக்கம் தூக்கமாக வருகிறது

இதில் நாம் தடவிப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மெஷின் காட்டும் ஏஎச்ஐ எண், அதாவது மணிக்கு எத்தனை முறை மூச்சுத் தடைபட்டது என்பது, தொடர்ந்து 5-க்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். 5-க்குக் கீழே இருந்தும் தூக்கம் வந்தாலும் பாருங்கள், வேறு காரணம் இருக்கலாம். காலை ஷிஃப்டுக்கு அக்கரையில் இருக்கும் பிறை ஊர்ப் பக்கம் போக, 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் மோட்டார்சைக்கிளில் போகிறவர்களை நினைத்தால் எனக்கு பயமாக இருக்கிறது. கண் சொருகுகிறது என்றால் அன்று வண்டியை எடுக்காதீர்கள், ஃபெரியில் போங்கள் அல்லது யாரையாவது கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

## எப்போது நாமாகப் பார்ப்பதை நிறுத்த வேண்டும்

மேலே சொன்ன இலவசமான வேலைகளை ஒரு வாரம் செய்து பார்த்தும் கசிவு குறையவில்லை என்றால் தூக்க மருத்துவம் பார்க்கும் இடத்துக்கோ மெஷின் விற்றவரிடமோ போங்கள். வயிறு காற்றால் உப்பி வலிக்கிறது, மூக்கில் இரத்தம் வருகிறது, காலையில் தலைவலி, மெஷின் போட்டும் மூச்சு நின்று திணறுவதாக வீட்டில் சொல்கிறார்கள் என்றால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். நெஞ்சுவலியோ, விழித்திருக்கும்போதே மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

மாஸ்க் மாற்ற வசதி இல்லை என்றால் அதற்காக மெஷினை நிறுத்திவிடாதீர்கள். அரசாங்க மருத்துவமனையில் பார்ப்பவர்கள் அங்கேயே இருக்கும் மருத்துவ சமூகநலப் பிரிவில் உதவிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள், டாக்டரின் கடிதம் வேண்டியிருக்கும்.

போகும்போது மெஷினை அதன் மெமரி கார்டோடும், மாஸ்க்கைக் கழுவாமல் அன்று காலை கழற்றிய நிலையிலும் எடுத்துப்போங்கள். எந்தப் பக்கம் படுக்கும்போது, எத்தனை மணிக்கு, எந்த ஓரத்தில் கசிகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மாஸ்க்கைச் சரிபார்ப்பவர் உங்களை உட்காரவைத்தே பார்த்தால், "படுத்துக் காட்டுறேன், அப்படியே பாருங்க" என்று தயங்காமல் கேளுங்கள்.